அசல் என்று எழுதிக் கொடுப்பது யார்?

செகண்ட் ஹேண்ட் சொகுசு வாட்ச் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ரஃபேல் வாட்ச்தான். 500 மட்டுமே தயாரான பெல் அண்ட் ராஸ் மாடல். 2022 டிசம்பரில் "பில் எங்கே?" என்ற கேள்வி கிளம்பியது. அப்போது தமிழக பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை, கோவை நண்பர் ஒருவரிடம் 3 லட்சத்துக்கு வாங்கியதாகச் சொல்லி 2023 ஏப்ரலில் பில்லை வெளியிட்டார். அரசியலை விடுங்கள், நான் கவனித்தது வேறு. அத்தனை மாதமும் கேட்கப்பட்டது "யார் காசு?" என்பதுதான். பில் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். வாட்சுக்குள் என்ன இருக்கிறது என்று எந்த பில்லும் சொல்லாது.

ஆன்லைனில் பழைய வாட்ச் வாங்குபவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பெட்டி இருக்கு, வாரன்டி கார்டு இருக்கு, அப்போ அசல்தான் என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் உஷாரானவர்கள் "போலி ரோலெக்ஸைக் கண்டுபிடிப்பது எப்படி" வகை வீடியோ நாலு பார்க்கிறார்கள். எனக்கு இந்த வீடியோக்கள் மேல்தான் முக்கியமான புகார்.

அவை சொல்லித்தரும் சோதனைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, விநாடி முள் துடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகணுமாம். இன்றைய ரோலெக்ஸ் இயந்திரங்களில் பெரும்பாலானவை மணிக்கு 28,800 அதிர்வு, அதாவது விநாடிக்கு 8 சின்ன அடி. அதே வேகத்தில் ஓடும் ஆட்டோமேட்டிக் இயந்திரங்கள் விலை மலிவாகவே கிடைக்கின்றன. போலியில் அதைப் போட்டால் முள் அதே மாதிரிதான் போகும். இரண்டாவது, கண்ணாடியில் 6 மணிக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கிரீடம். மூன்றாவது, டயலைச் சுற்றிய உள் வளையத்தில் பொறித்த எழுத்து. இரண்டையும் லேசர் மெஷின் செய்துவிடும்.

சாஃப்ட்வேர்காரர்களுக்கு ஒரு வரியில் புரியும். டெஸ்ட் கேஸை முன்கூட்டியே வெளியிட்டால், அதை மட்டும் பாஸ் பண்ணுகிற மாதிரி கோட் எழுதிவிடலாம். போலி செய்பவரும் அதே வீடியோவைத்தான் பார்க்கிறார். ஆகவே இந்தச் சோதனைகள் ஒருவழிப் பாதை. ஃபெயில் ஆனால் போலி என்று சொல்லலாம். பாஸ் ஆனால் அசல் என்று சொல்ல முடியாது. அதுவும் நாம் பார்ப்பது வாட்சை அல்ல, விற்பவர் தேர்ந்தெடுத்துப் போட்ட போட்டோவை.

இன்னொரு சிக்கல், அசல், போலி என்று இரண்டே வகைதான் உண்டு என்று நினைப்பது. பழைய எச்எம்டி, ஃபேவர் லூபா வாட்சுகளை ஆன்லைனில் தேடிப் பாருங்க. பளபளா நிறத்தில் டயல் வைத்தவை வரிசையாக வரும். உள்ளே இயந்திரம் அசல். டயல் மட்டும் பின்னாளில் புதிதாகப் பெயின்ட் அடித்தது. சேகரிப்பாளர்கள் இதை 'மும்பை ஸ்பெஷல்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். இது போலியா? முழுசா இல்லை. அசலா? அதுவும் இல்லை. எச்எம்டியில் போனால் சில ஆயிரம் ரூபாய். பழைய ஒமேகாவிலோ ரோலெக்ஸிலோ இதே கதை நடந்தால் லட்சங்கள் போகும்.

நடந்தும் இருக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் நிறுவனம் 1957-ஐச் சேர்ந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றை ஏலம் விட்டது. எதிர்பார்த்த விலை 80,000 முதல் 1,20,000 சுவிஸ் பிராங்க். போனது 31 லட்சம் பிராங்குக்கு மேல். வாங்கியது யார்? ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம்! விற்பனைக்கு முன் வரிசை எண், தயாரிப்புத் தேதி போன்றவற்றை ஒமேகாவிடமே உறுதி செய்துகொண்டதாக ஏல நிறுவனம் சொன்னது. பெரெஸ்கோப் என்ற வலைப்பதிவும் சுவிஸ் பத்திரிகை ஒன்றும் சந்தேகம் கிளப்பின. 2023 ஜூனில் ஒமேகாவே ஒத்துக்கொண்டது: பல வாட்சுகளின் பாகங்களை ஒட்டுப்போட்டுச் செய்த வாட்ச் அது. முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் தொடர்பு உண்டு என்றும், அவர்களில் ஒருவர் அருங்காட்சியகத்தையே கவனித்தவர் என்றும் நிறுவனம் சொன்னது.

நிபுணர் இல்லாததால் நடந்த தவறு இல்லை இது. உலகத்திலேயே ஒமேகா பற்றி அதிகம் தெரிந்த இடத்தில் நடந்தது. கோளாறு கையெழுத்தில். பதிவேடு வைத்திருப்பதும் ஒமேகா, வாங்கச் சொல்லிப் பரிந்துரைத்தவரும் ஒமேகா ஆள், பணம் கொடுத்ததும் ஒமேகா. வெளியாள் ஒருத்தர்கூட நடுவில் இல்லை.

எங்கள் பக்கத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இந்தப் பிரச்சினைக்கு ரொம்ப நாளாகவே ஒரு விடை இருக்கிறது. அங்கே ஸ்கிராப்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலைகள் உண்டு. உலையில் ஒரு தடவை உருக்கினால் அதற்கு ஒரு ஹீட் நம்பர். அந்த உருக்கின் மாதிரியைச் சோதித்து, அதே நம்பர் போட்டுச் சான்றிதழ் தருவார்கள். இரும்பில் இருக்கும் நம்பரும் காகிதத்தில் இருக்கும் நம்பரும் பொருந்தணும். அதோடு விடுவதில்லை. இ.என். 10204 என்ற ஐரோப்பியத் தரநிலையில் சான்றிதழ்களுக்கே வகை உண்டு. 3.1 என்றால், ஆலையின் ஆள்தான், ஆனால் உற்பத்திப் பிரிவைச் சாராதவர் கையெழுத்துப் போட்டது. 3.2 என்றால், அதோடு வாங்குபவரின் பிரதிநிதியோ வெளி ஆய்வாளரோ சேர்ந்து கையெழுத்துப் போட்டது. "சான்றிதழ் இருக்கா?" என்பதோடு "யார் கையெழுத்து?" என்பதையும் கேட்கிறார்கள். 60,000 ரூபாய் இரும்புக்கு நாம் கேட்கிற கேள்வியை 6 லட்சம் ரூபாய் வாட்சுக்குக் கேட்பதில்லை.

'சர்டிஃபைட் ப்ரீ-ஓன்ட்' என்று விற்கும் இடங்களிலும் பெரும்பாலும் விற்பவரே சோதிக்கிறார், விற்றால் லாபமும் அவருக்கே. அதற்காக அவை மோசடி என்று சொல்லவில்லை. ரோலெக்ஸ் 2022 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில் 2 வருட உத்தரவாதம் தருகிறார்கள். அந்த உத்தரவாதத்துக்கு மதிப்பு உண்டு, ஏன்னா தவறினால் அவர்கள் செலவு செய்யணும். வெறும் 'வெரிஃபைட்' முத்திரைக்கு அந்த மதிப்பு கிடையாது.

நம் சட்டமும் இதே கோட்டில்தான் போகிறது. 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொந்தச் சரக்கை ஆன்லைனில் விற்கும் நிறுவனம் அது அசல் என்று உறுதி சொன்னால், அதற்கு அதுவே பொறுப்பு. வழக்கை நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே போதும். கும்மிடிப்பூண்டிக்காரர் மும்பைக்கு அலைய வேண்டாம், திருவள்ளூர் போனால் போதும். ஆனால் தொழிலாகச் செய்யாமல் தன் சொந்த வாட்சை விற்கும் தனிநபருக்கு இந்த விதிகள் பொருந்தாது. விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

என்னைக் கேட்டால், பணம் அனுப்பும் முன் இரண்டு விஷயம் கேளுங்க. ஒன்று, நீங்கள் காசு கொடுத்து அமர்த்தும் வாட்ச் மெக்கானிக் பின்மூடியைத் திறந்து பார்க்க அனுமதி. இரண்டு, "டயல், முள், இயந்திரம், கேஸ் எல்லாம் இந்த மாடலுக்குரிய அசல் பாகங்கள், இல்லையென்றால் முழுப் பணம் திருப்பித் தரப்படும்" என்று பில்லிலேயே எழுதி, கையெழுத்து. நேர்மையான வியாபாரி தனக்குத் தெரியாத பாகத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை எழுதித் தருவார். அந்த விடுபட்ட பாகத்துக்கு ஏற்ப விலையைக் குறைத்துப் பேசலாம். எதையுமே எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் வாங்காதீங்க, வாட்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.