ஓல்டு ஃப்ளோ: வீட்டை இழந்த சிற்பம்

கிழக்கு இலண்டன் மக்கள் 'ஓல்டு ஃப்ளோ' என்று அழைக்கும் சிற்பத்தின் முறையான பெயர் 'ஆடை போர்த்தி அமர்ந்த பெண்'. ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் (1898–1986) இதை 1957–58ஆம் ஆண்டுகளில் உருவாக்கினார். ஒன்றரை டன்னுக்கும் குறையாத எடையுள்ள வெண்கலச் சிற்பம் இது. ஒரே அச்சிலிருந்து பல வார்ப்புகள் எடுக்கப்பட்டன. மெல்பர்னில் உள்ள வார்ப்பு விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. இலண்டன் வார்ப்புக்கு மட்டும் வேறு விதி. ஸ்டெப்னி பகுதியில் உழைக்கும் மக்களுக்காகக் கட்டப்பட்ட ஸ்டிஃபோர்டு என்னும் அரசுக் குடியிருப்பில், மூன்று பதினேழு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே, புல்தரையில் அது வைக்கப்பட்டது.

பொதுக் கலை பற்றிப் பேசுவோர் இச்சிற்பத்தை அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. பெரும்பாலும் அதன் விலையைப் பற்றியே பேச்சு நிற்கிறது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு குடியிருப்புக்காக வைக்கப்பட்ட கலைப்பொருள், அந்தக் குடியிருப்பு இல்லாமல் போனபின் யாருடையது?

உருவமும் இடமும்

பெண் ஒரு கையை ஊன்றி, உடலைச் சற்றே சாய்த்து, கால்களை ஒருபுறமாக மடக்கி அமர்ந்திருக்கிறாள். தலை உடலோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. முகத்தில் உணர்ச்சி என்று எதையும் படிக்க முடியாது. சிற்பம் முழுவதையும் ஆடைதான் பேசுகிறது. மார்பின் மீது இழுபட்டுச் சுருங்கும் துணி, மடியில் தொய்ந்து, முழங்கால்களுக்கு இடையே மடிப்பு மடிப்பாக விழுகிறது. 1951இல் கிரேக்கத்துக்குச் சென்றுவந்த பின் மூரின் சிற்பங்களில் ஆடை முதன்மை பெற்றது என்பது விமர்சகர்கள் வழக்கமாகச் சொல்வது. அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

மற்ற பாதி போர்க்காலத்தில் இருக்கிறது. 1940–41இல் ஜெர்மன் விமானங்கள் இலண்டன் மீது குண்டு வீசியபோது மக்கள் சுரங்க ரயில் நிலையங்களில் இரவைக் கழித்தனர். கம்பளிக்குள் சுருண்டு படுத்தும், சுவரோரம் குந்தியும் கிடந்த அவர்களை மூர் வரைந்தார். 'சுரங்கத்தில் அமர்ந்திருக்கும் பெண்' என்ற 1941ஆம் ஆண்டுச் சித்திரம் அவற்றுள் ஒன்று. அவர் வரைந்த இன்னொரு இடம் 'டில்பரி' எனப்பட்ட கிடங்கு. அது ஸ்டெப்னி வட்டாரத்தில், ஸ்டிஃபோர்டு குடியிருப்பு பின்னாளில் எழுந்த இடத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. குண்டுவீச்சில் மிகுதியாகச் சிதைந்த பகுதிகளுள் ஸ்டெப்னியும் ஒன்று. போர்த்திய துணியோடு விடியலுக்காகக் காத்திருந்த பெண் இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே வட்டாரத்துக்கு வெண்கலமாகத் திரும்பி வந்தாள் என்று இதைப் படிக்கலாம். இடத்தைத் தேர்ந்தவர்கள் இதையெல்லாம் நினைத்துத் தேர்ந்தார்களா என்பது வேறு. வைத்தபின் பொருள் அப்படித்தான் அமைந்தது. மெல்பர்ன் வார்ப்பில் இந்தப் பொருள் கிடையாது. உலோகம் ஒன்றுதான்; சிற்பம் ஒன்றல்ல.

வாங்கியவர்களின் எண்ணம்

1956இல் இலண்டன் கவுண்டி கவுன்சில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. புதிய பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் கலைப்படைப்புகளை வைக்க ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை செலவிடலாம் என்று முடிவாயிற்று. அந்தத் திட்டத்தில்தான் 1962இல் இச்சிற்பம் வாங்கப்பட்டது. மூர் சுரங்கத் தொழிலாளியின் மகன். எளிய மக்கள் வாழும் இடத்தில் வைக்கப்படும் என்பதால் சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுத்தார்.

நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் ஒரு குறையும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. உயர்ந்த கலை மக்களை உயர்த்தும் என்ற நம்பிக்கை மேலிருந்து கீழே பார்ப்பது. எதை வைப்பது, எங்கே வைப்பது என்பதை அதிகாரிகளும் கலை அறிந்தவர்களும் முடிவு செய்தனர். குடியிருப்பவர்களின் பங்கு, வைத்ததைப் பார்ப்பது.

அவர்கள் பார்ப்பதோடு நிற்கவில்லை. பெயர் வைத்தார்கள். 'ஃப்ளோ' என்பது ஃப்ளோரன்ஸ் என்ற பெயரின் சுருக்கம். அந்தக் காலத்துத் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு ஃப்ளோ இருந்திருப்பாள். பிள்ளைகள் அவள் மடியில் ஏறி விளையாடினர். சிலர் சாயம் பூசினர், கிறுக்கினர். கலைக் காப்பாளர்களுக்கு இதெல்லாம் சேதம். சேதம் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனாலும் கலைக்கூடத்துச் சிற்பத்தின் மடியில் யாரும் உட்கார்வதில்லை. அங்கே 'தொடாதே' என்ற பலகைதான் அதன் அயலார். ஸ்டிஃபோர்டில் ஃப்ளோ அயல்வீட்டுக்காரி. அதிகாரிகள் கொடுத்த கலைப்பொருளைக் குடியிருப்பின் சொத்தாக ஆக்கியது அந்தப் பெயர்தான்.

விற்பனையும் வழக்கும்

1990களின் இறுதியில் அந்தக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அதற்கு முன்னரே, 1997இல், சிற்பம் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டது. பாதுகாப்புக்கு என்று போனது அங்கேயே இருபது ஆண்டுகள் தங்கிவிட்டது. ஸ்டெப்னியை உள்ளடக்கிய டவர் ஹாம்லெட்ஸ் உள்ளாட்சி மன்றம் அதைத் திரும்பக் கொண்டுவராததற்குக் காப்பீட்டுச் செலவையும் திருட்டு அச்சத்தையும் காரணமாகச் சொன்னது. அச்சம் பொய்யல்ல. 2005இல் மூரின் பணியிடம் இருந்த வளாகத்திலிருந்தே அவருடைய பெரிய சிற்பம் ஒன்று திருடுபோயிற்று. பழைய உலோகமாக உருக்கப்பட்டிருக்கும் என்று காவல்துறை கருதியது.

2012 பிப்ரவரியில் மூரின் இன்னொரு சிற்பம் ஏலத்தில் 1.9 கோடி பவுண்டுக்கு விலைபோனது. அவ்வாண்டு நவம்பரில் டவர் ஹாம்லெட்ஸ் மேயர் லுத்ஃபுர் ரகுமான், நிதிக்குறைப்பைக் காரணம் காட்டி ஃப்ளோவை விற்க முடிவெடுத்தார். மதிப்பீடு ஏறத்தாழ 2 கோடி பவுண்டு. திரைப்பட இயக்குநர் டேனி பாயில், டேட் கலைக்கூடத்தின் இயக்குநர் நிக்கோலஸ் செரோட்டா, மூரின் மகள் மேரி மூர் உள்ளிட்டோர் எதிர்த்துக் கடிதம் வெளியிட்டனர்.

விற்பனையை ஆதரித்தவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரே அறையில் ஒரு குடும்பம் நெருக்கிக்கொண்டு வாழும் வட்டாரத்தில், தொலைவில் ஒரு புல்வெளியில் நிற்கும் வெண்கலத்தால் என்ன பயன் என்ற கேள்வி நேர்மையானது. ஆனால் விடை தவறு. வீடு கட்டுவது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய கடமை. சிற்பத்தை ஒருமுறைதான் விற்க முடியும். ஏழைகளுக்கென்று குறைந்த விலையில் வாங்கியதை, விலை ஏறியதும் 'இது ஏழைகளுக்கு அதிகம்' என்று விற்பது கொடுத்தவரையும் பெற்றவரையும் ஒருசேர ஏமாற்றுவது.

எதிர்த்தவர்களிடமும் ஒரு நெருடல் உண்டு. அவர்கள் பதினைந்து ஆண்டுகளாக ஸ்டெப்னியில் இல்லாத சிற்பத்தை ஸ்டெப்னியின் பெயரால் காத்தார்கள். விற்பனைப் பேச்சு வரும்வரை அது ஊர்திரும்ப வேண்டும் என்ற குரல் பெரிதாகக் கேட்கவில்லை.

வழக்கு இன்னும் வியப்பானது. வாங்கிய கவுண்டி கவுன்சில் 1965இலும், அதன் இடத்தில் வந்த பெருநகர மன்றம் 1986இலும் மறைந்துபோயின. அவற்றின் மிச்சச் சொத்துக்கு வாரிசு தானே என்று, நகரின் தென்கிழக்கில் உள்ள பிராம்லி மன்றம் உரிமை கோரியது. 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் டவர் ஹாம்லெட்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அம்மன்றம் சிற்பத்தைத் தன்னுடையதாகக் கையாண்டு, மற்றவர் கேட்பதற்கான காலக்கெடு கடந்துவிட்டது என்பதே தீர்ப்பின் சாரம். யாருக்காக வாங்கப்பட்டது என்பதல்ல, யார் கையில் இருந்தது என்பதே முடிவைத் தந்தது. குடியிருந்தவர்கள் இவ்வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை.

திரும்பிய இடம்

அதற்குச் சற்று முன் மேயரான ஜான் பிக்ஸ் விற்பனையைக் கைவிட்டார். 2017 அக்டோபரில் ஃப்ளோ கிழக்கு இலண்டனுக்குத் திரும்பினாள். வந்து அமர்ந்த இடம் கேனரி வார்ஃபில் உள்ள கேபட் சதுக்கம். வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள் சூழ்ந்த, தனியார் நிறுவனம் ஒன்றின் நிர்வாகத்தில் உள்ள இடம் அது. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லப்பட்டது. பாதுகாப்பு உண்டு, விளக்கு உண்டு, பார்க்க வருவோருக்குத் தடையுமில்லை. டவர் ஹாம்லெட்ஸ் எல்லைக்குள்தான் அதுவும் இருக்கிறது; ஆகவே சொன்ன சொல் எழுத்தளவில் காக்கப்பட்டது.

உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே தாழ்ந்து அமர்ந்த உருவம் என்ற காட்சி இங்கேயும் அமைந்தது. ஆனால் ஸ்டிஃபோர்டில் அந்தக் கட்டடங்களின் சன்னல்களில் துணி காய்ந்தது. மேலேயிருந்து பார்த்த கண்கள் மாலையில் பிள்ளைகளைத் தேடின. கேபட் சதுக்கத்தின் சன்னல்களுக்குப் பின்னால் மாலை ஆனதும் வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.