மனஸ்தாபமும் மனந்திரும்புதலும்

ஸ்கூடாயில் தமிழாசிரிய நண்பர் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "மாணவன் ஒருவன் தன் தோழன்மீது பொய்ப்பழி சுமத்தினான். உண்மை வெளிப்பட்டதும் தேம்பி அழுதான். அழுததே போதாதா? கிறித்தவர் மனந்திரும்புதல் என்பது இதைத்தானே?" அன்று யானும் ஆமெனத் தலையசைத்தேன். பின்னர் விவிலியத்தைப் புரட்டி நோக்கியபோது, அத்தலையசைப்புப் பிழையென உணர்ந்தேன்.

மனஸ்தாபம் என்பது மனத்தின் வெப்பம். பேச்சு வழக்கில் இருவர்க்கிடையே உண்டாகும் பிணக்கை அச்சொல்லால் குறிக்கிறோம். கத்தோலிக்கர் வழக்கிலோ அது உயர்ந்த பொருளுடையது. தண்டனைக்கு அஞ்சி வருந்துவது குறையுடையது. இறைவன்பால் கொண்ட அன்பினால் வருந்துவதே நிறைவுடையது எனப் பிரித்து, பின்னதை 'உத்தம மனஸ்தாபம்' என்பர். இப்பாகுபாட்டை 1551-இல் திரெந்து நகரச் சங்கமும் எடுத்துரைத்தது.

சீர்திருத்தச் சபையாரிடையே இன்றும் பெரிதும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, 1871-இல் ஹென்றி பவர் முதலியோர் வெளியிட்டதன் வழிவந்தது. அதில் மத்தேயு நூலில் இச்சொல் வரும் இரண்டு இடங்கள் ஒப்புநோக்கத் தக்கவை. தந்தை ஏவிய வேலையை மறுத்த மகன் ஒருவன், பின்னர் மனஸ்தாபப்பட்டுத் திராட்சத் தோட்டத்துக்குச் செல்கிறான். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்படுகிறான்; அவனோ நான்றுகொண்டு சாகிறான். கிரேக்க மூலத்திலும் ஈரிடத்தும் வருவது ஒரே வினைச்சொல்லே. ஆதலின் மொழிபெயர்த்தோரைக் குறைகூற இடமில்லை. சொல் ஒன்றாயிருக்க முடிவு வேறானது எதனால்?

யூதாஸ் வருந்தவில்லை என்று கூற இயலாது. குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று அவன் அறிக்கையிட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் அவன் சென்றது யாரிடம்? காசு கொடுத்த ஆசாரியரிடம். தான் தீங்கிழைத்தவரை நோக்கி அவன் திரும்பவே இல்லை. பேதுருவும் அன்றிரவே மும்முறை மறுதலித்தவன், கசந்து அழுதவன். எனினும் உடன் சீடரை விட்டு அகன்றானல்லன். பின்னாளில் கரையில் நிற்பவர் ஆண்டவர் எனக் கேட்டதும், படகு கரைசேரும்வரை பொறாமல் கடலில் குதித்து அவரிடம் செல்கிறான். யோவான் நூல் காட்டும் இக்காட்சியே மனந்திரும்புதலுக்கு உரையாகும். கண்ணீர் இருவர்க்கும் உண்டென்றே கொள்வோம், திசை வேறு.

நம் குறளிலும் இதற்கு ஒப்பு உண்டோ எனத் தேடுவது இயல்பு. வினைத்தூய்மை அதிகாரத்து ஐந்தாம் குறள், பின்னர் இரங்கத்தக்க செயலைச் செய்யற்க என்கிறது. செய்துவிட்டால்? இருந்து இரங்காமை நன்று என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். அத்தகைய செயலை மீண்டும் செய்யாமை நன்று என்பது வேறு உரையாளர் கொண்ட பொருள். இரண்டுமே வெறும் இரக்கத்தில் தேங்கிக் கிடப்பதை விலக்குகின்றன. ஆயினும் இதுவே மனந்திரும்புதல் என்று கூறிவிடலாகாது. அக்குறள் அமைச்சியலில் நின்று செயலின் தூய்மையைப் பேசுகிறது. தீங்குற்றவரின் முகத்தை நோக்கிச் செல்லுமாறு அது பணிக்கவில்லை. ஒப்புமை காட்டும் ஆசிரியர் இவ்வேற்றுமையையும் காட்டுதல் கடன்.

'திரும்புதல்' என்ற வினைக்கு இயல்பாகவே ஒரு கேள்வி உண்டு: யார் பக்கம்? 'வருந்துதல்' அக்கேள்வியைக் கேட்பதில்லை. தன்னைச் சுற்றியே அது சுழன்றுகொண்டிருக்கலாம். தன் பெயர் கெட்டதே என்று அழுவோரும் உளரன்றோ?

நண்பரின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அழுத மாணவனை அதட்ட வேண்டா. போதும் என்று தேற்றி அனுப்பிவிடவும் வேண்டா. பழி சுமந்த தோழன் அதே வகுப்பில், இரண்டு பெஞ்சுகளுக்கு அப்பால் இருக்கிறான். அவனிடம் அனுப்புங்கள்.