திரை இறங்கும் வரை

கூத்தை எங்கிருந்து பார்ப்பது என்று கேட்டால், களரியில் இடம் பிடிக்கும் முன் வேஷம் கட்டும் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள் என்பேன். தாமல் வட்டாரத்துக் கோடைப் பாரத விழாக்களில் இன்றும் என் கால்கள் முதலில் அங்கேதான் போகின்றன.

தரையில் சம்மணமிட்டு, கையகலக் கண்ணாடியைப் பார்த்து, கலைஞரே தம் முகத்தை எழுதிக்கொள்கிறார். அரிதாரம் காய்ந்தபின் கட்டை வருகிறது. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். கனம் குறைந்த கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் பதித்த அழகு அது. பகலில் கையில் எடுத்தால் எளிய மரத்துண்டு. இரவில், விளக்கொளியில், தோள் அசையும்போது பாருங்கள்: ஒவ்வொரு சில்லும் ஒரு நட்சத்திரம்! விடிய விடிய ஆடும் உடம்புக்குப் பாரமாகாமல், கடைசி வரிசையில் இருப்பவர் கண்ணுக்கும் ராஜாவாகத் தெரிய வேண்டும் என்று யாரோ ஒரு முன்னோர் எத்தனை அன்போடு இந்த மரத்தைத் தேர்ந்திருக்கிறார்!

இந்தக் கட்டையின் பெயரால்தான் தம் கலை அழைக்கப்பட வேண்டும் என்று நின்றவர் பெருங்கட்டூர் பொ. ராஜகோபால். தெருக்கூத்து என்று ஊரெல்லாம் சொன்னபோதும், கட்டைக்கூத்து என்பதே அவர் சொல். 1953இல் கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர், பத்து வயதில் ஆட வந்தவர். நடிகர், ஆசிரியர், இராமராவணா போன்ற நாடகங்களை எழுதியவர்.

திரைக்கு வருவோம். இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்கிறார்கள். அதன்பின் துரியோதனன். நமக்குத் தெரிவது மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால். இடையில் குரல் மட்டும். முகவீணை அந்தக் குரலைத் தொட்டு மேலே ஏறுகிறது. பாட்டு முடிகிற இடத்தைப் பின்பாட்டுக்காரர் எடுத்துக்கொள்கிறார். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் தடவியவர்களுக்கு இந்த நயம் உடனே புரியும். சேர்ந்த இடம் தெரியவும் வேண்டும், பிரியவும் கூடாது. கட்டியக்காரன் கேலியும் கேள்வியுமாகப் பேச்சுக் கொடுக்க, நாம் ஏங்கி ஏங்கிக் காத்திருக்கிறோம். திரை இறங்கியதும் அந்த முழு உருவம் சுழல்கிறதே, அந்த நொடிக்காகவே தூக்கத்தைத் துறக்கலாம்.

1990இல் கலைஞர்கள் பலரைச் சேர்த்துக் கட்டைக்கூத்துச் சங்கம் கண்ட ராஜகோபால், துணைவியார் ஹன்னே டி புரூயினோடு 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் தொடங்கினார். பிள்ளைகள் பள்ளிப்பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்களே ஆடிவந்த களரியில் பெண்பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். சிறு தோளில் புஜக்கட்டை ஏறுகிறது, முடிச்சு இறுகுகிறது, முதுகு தானாக நிமிர்கிறது. அந்த நிமிர்வைவிட அழகான அடவு எனக்குத் தெரியாது.

குருகுலம் 2020இல் மூடப்பட்டது. கோடையில் கூத்து தொடர்கிறது. இந்த முறை வந்தால் கொஞ்சம் முன்னதாகவே வாருங்கள். திரை இறங்கும் வரை கிரீடத்தின் நுனியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.