சளியில் 'இல்லை' என்று வந்தால்

நுரையீரல் புற்றுநோய்க்கான செல் பரிசோதனை "இருக்கிறது" என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். "இல்லை" என்று சொன்னால் அதே நம்பிக்கையை வைக்க முடியாது. நோயாளிகள் பலருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்குவதில்லை.

சளியிலுள்ள செல்களைப் பார்க்கும் பரிசோதனைக்கு ஊசி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், செலவும் குறைவு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புற்றுநோய் இருந்த மூவரில் ஏறக்குறைய இருவரிடம் மட்டுமே சளி அதைக் காட்டிக்கொடுத்தது. பெரிய மூச்சுக்குழாயை ஒட்டி வளரும் செதிள் செல் புற்று தன் செல்களைச் சளியில் உதிர்க்கும். நுரையீரலின் ஓரத்தில் வளரும் அடினோகார்சினோமாவின் செல்கள் வெளியே வருவது அரிது. புகைபிடிக்காதவர்களுக்கு அதிகம் வருவது இந்த இரண்டாவது வகைதான். 1970களில் அமெரிக்காவின் மூன்று பெரிய மையங்கள், மேயோ கிளினிக் உட்பட, புகைப்பவர்களிடையே சளிப் பரிசோதனையைச் சோதித்துப் பார்த்தன. இறப்பு குறையவில்லை.

மாதிரியும் சரியாக இருக்க வேண்டும். காலையில் ஆழமாக இருமி எடுத்த சளியைத் தொடர்ந்து மூன்று நாள் தர வேண்டும். பலர் எச்சிலைத் துப்பித் தருகிறார்கள். நுரையீரலின் ஆழத்திலிருக்கும் மேக்ரோபேஜ் செல்கள் தென்படாத சிலைடை வைத்து 'இல்லை' என்று எழுதவே கூடாது. காசநோய் மலிந்த நம் நாட்டில், எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்து சளியில் எதுவும் கிடைக்காதபோது, காசநோய் மாத்திரையிலேயே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த மாதங்களில் கட்டி வளர்கிறது.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் செல் பரிசோதனையை நான் பயாப்சிக்குக் கீழே வைக்க மாட்டேன். மீயொலிக் கருவி பொருத்திய பிராங்கோஸ்கோப் வழியே நெறிகட்டிகளில் ஊசியிட்டு எடுக்கும் செல்களும், நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலுள்ள செல்களும் மதிப்பு மிக்கவை. திசுவின் அமைப்பை அவை காட்டாது என்பது உண்மை. ஆனால் அவற்றைத் திரட்டி மெழுகில் பதித்து 'செல் பிளாக்' ஆக்கினால், டி.டி.எஃப்-1, பி40 சாயங்களால் வகையைப் பிரிக்கலாம், இ.ஜி.எஃப்.ஆர் மரபணு மாற்றத்தையும் தேடலாம். அந்த மாற்றம் இருந்தால் பலருக்கு மாத்திரையாலேயே கட்டி சுருங்கும் என்பது 2004இல் தெரியவந்தது. 'புற்றா, இல்லையா' என்ற விடையோடு மரபணு விவரமும் சிகிச்சைக்குத் தேவையானது அப்போதிருந்துதான். வகை காண்பதற்கே மாதிரி முழுவதையும் செலவழித்துவிட்டு, மரபணுச் சோதனைக்காக நோயாளியிடம் மறுபடி ஊசியிட்டு மாதிரி எடுப்பது தவிர்க்கக்கூடிய தவறு. மூச்சுத்திணறலைத் தணிக்க எடுத்த நீரில் கொஞ்சத்தைச் சோதித்துவிட்டு மீதியைக் கொட்டுவதும் அப்படித்தான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சில் நீர் எடுக்கிறார்கள் என்றால், அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்: "டாக்டர், இதில் செல் பிளாக் செய்வீர்களா?" சளியில் 'இல்லை' என்று வந்தும் இருமலும் எக்ஸ்ரே நிழலும் நீடித்தால், அடுத்த பரிசோதனை என்ன என்று கேட்காமல் திரும்பாதீர்கள்.