யார் முடிவு, யார் பொறுப்பு?

2025 நவம்பர் 2ஆம் தேதி, செம்பூரிலிருந்து வாசி பாலத்தைத் தாண்டியதும் வரும் நேருலின் டி.ஒய்.பாட்டீல் மைதானத்தில் இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அதே மாதம் 26ஆம் தேதி குவாஹாட்டியில் இந்திய ஆடவர் அணி தென்னாப்பிரிக்காவிடம் 408 ரன்னில் தோற்றது. டெஸ்ட் வரலாற்றில், ரன் கணக்கில் இந்தியா கண்ட மிகப் பெரிய தோல்வி அது. மகளிர் அணியின் பயிற்சியாளர் அமோல் மஜும்தாரை நாடே கொண்டாடியது. ஆடவர் அணியின் பயிற்சியாளர் கௌதம் கம்பீருக்கு எதிராக மைதானத்திலேயே கோஷம் எழுந்தது.

அணி தோற்றால் பயிற்சியாளரை மாற்று என்பது கிரிக்கெட் உலகம் முழுவதும் வழக்கமாகிவிட்டது. மாட்டுங்கா தட்கர் மைதானத்தின் ஓரத்திலும் தாராவி தொண்ணூறு அடி ரோட்டின் டீக்கடைகளிலும் இதைப் பேசாத ரசிகர் குறைவு. இந்த வழக்கத்தில் நியாயம் உண்டு, பெரிய பிழையும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கோஷம் போடுவது அணிக்குக் கேடு.

நியாயத்தை முதலில் பார்ப்போம். 2021-22 ஆஷஸ் தொடரில் 0-4 என்று தோற்ற இங்கிலாந்து, கிறிஸ் சில்வர்வுட்டை நீக்கியது. அவருக்குப் பின் பிரெண்டன் மெக்கல்லம் வந்தார். அதற்கு முந்தைய 17 டெஸ்ட்டில் ஒன்றே ஒன்றை வென்றிருந்த அணி, அவர் வந்தபின் முதல் 11இல் 10ஐ வென்றது. மாற்றம் வேண்டும் என்பவர்கள் காட்டும் வலுவான சான்று இது. ஆனால் அங்கே பயிற்சியாளர் மட்டும் மாறவில்லை. ஜோ ரூட்டின் இடத்தில் பென் ஸ்டோக்ஸ் கேப்டனானார், நிர்வாக இயக்குநரும் மாறினார். இன்னொரு செய்தியும் முக்கியம். 2021இல் தேசியத் தேர்வாளர் பதவியையே ஒழித்துவிட்டு, அணித் தேர்வை இங்கிலாந்து சில்வர்வுட் கையில் கொடுத்திருந்தது. ஆண்டர்சனையும் பிராடையும் பிரிஸ்பேனில் வெளியே உட்கார வைத்ததும், அடிலெய்டில் முழுநேரச் சுழற்பந்து வீச்சாளர் இல்லாமல் இறங்கியதும் அவர் பொறுப்பில் நடந்தவை. முடிவு அவருடையது, ஆகவே விலையும் அவருடையது. அந்த நீக்கம் நியாயமானது.

2007இலும் அப்படித்தான். உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறியபின் பயிற்சியாளர் கிரெக் சேப்பல் விலகினார். மூத்த வீரர்களுக்கும் அவருக்கும் இடையே முறிந்த நம்பிக்கையை ஒட்டவைக்க வழியே இருக்கவில்லை. அதே ஆண்டு மும்பைக்காரரான லால்சந்த் ராஜ்புத் மேலாளராக உடன் செல்ல, தோனியின் இளம் அணி தென்னாப்பிரிக்காவில் முதல் டி20 உலகக் கோப்பையை வென்றது. உடைமாற்றும் அறையில் நம்பிக்கை செத்துவிட்டால், பயிற்சியாளர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் போகத்தான் வேண்டும்.

இனி பிழைக்கு வருவோம். அதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2015-16இல் சந்திரகாந்த் பண்டிட்டின் பயிற்சியில் மும்பை ரஞ்சிக் கோப்பையை வென்றது. அடுத்த பருவத்தில் இறுதிவரை வந்து குஜராத்திடம் தோற்றது. அதற்கடுத்த பருவத்தில் அவருக்கு இடமில்லை. விதர்பாவுக்குப் போன பண்டிட், அதுவரை கோப்பையையே பார்த்திராத அந்த அணியை 2017-18இலும் 2018-19இலும் சாம்பியனாக்கினார். பிறகு மத்தியப் பிரதேசத்துக்குப் போனார். 2022 ஜூனில் பெங்களூரில் அந்த அணி இறுதி ஆட்டத்தில் வீழ்த்தியது மும்பையைத்தான். இதற்கிடையே மும்பை பயிற்சியாளரை மாற்றிக்கொண்டே இருந்தது. 42ஆவது ரஞ்சிக் கோப்பைக்கு 2024 மார்ச் வரை காத்திருந்தது. ஒரு இறுதித் தோல்விக்காகப் பண்டிட்டைக் கைவிட்டதில் மும்பை இழந்தது ஏராளம்.

மகளிர் அணியின் கதை இன்னும் கசப்பானது. 2018 டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் மிதாலி ராஜ் ஆடவைக்கப்படவில்லை. அந்தச் சர்ச்சையோடு பயிற்சியாளர் ரமேஷ் பொவார் போனார். நம் சென்னைக்காரர் டபிள்யூ.வி.ராமன் வந்தார். 2020 மார்ச்சில் மெல்போர்னில் 86,174 பேர் முன்னிலையில் நடந்த டி20 உலகக் கோப்பை இறுதிவரை அணியை அழைத்துச் சென்றார். கொரோனாவால் ஓராண்டு முடங்கிக் கிடந்த அணி, திரும்பி வந்து ஆடிய தென்னாப்பிரிக்கத் தொடரில் தோற்றது. 2021 மே மாதம் ராமன் போய், மீண்டும் பொவாரே வந்தார். 2018இல் அவர் போனதற்குக் காரணம் சரியென்றால் திரும்ப அழைத்திருக்கக் கூடாது. தவறென்றால் அப்போதே அனுப்பியிருக்கக் கூடாது. காரணத்தை ஆராயாமல் ஆளை மட்டும் மாற்றுவதன் விளைவு இதுதான்.

2023 அக்டோபரில் வந்த மஜும்தாருக்கு இந்த அவசரம் நேரவில்லை. 2024 டி20 உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றோடு திரும்பியபோதும் அவர் நீடித்தார். 2025 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று அடுத்தடுத்து மூன்று தோல்விகள். அக்டோபர் 19 அன்று இந்தூரில் இங்கிலாந்திடம் 4 ரன்னில் தோற்ற ஆட்டத்தில் ஜெமிமா ரோட்ரிக்ஸை வெளியே வைத்திருந்தார்கள். நான்கே நாளில் அந்த முடிவைத் திருத்திக்கொண்டார்கள். நியூசிலாந்துக்கு எதிராக ஜெமிமா ஆட்டமிழக்காமல் 76 ரன் எடுத்தார். அரையிறுதியில் ஆஸ்திரேலியா வைத்த 339 ரன் இலக்கை எட்டியபோது அவர் எடுத்தது ஆட்டமிழக்காமல் 127.

பயிற்சியாளரை எடைபோட இதைவிடச் சரியான அளவு எனக்குத் தெரியவில்லை. எத்தனை தோற்றார் என்பதைவிட, ஒரு தோல்விக்கும் அடுத்த தோல்விக்கும் நடுவே தன் முடிவைத் திருத்தினாரா என்பதே கேள்வி. திருத்துகிறவருக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். திருத்தாதவரிடம் கணக்குக் கேட்க வேண்டும்.

இந்த அளவை கம்பீருக்கும் பொருத்துவோம். 2024 நவம்பர் 3 அன்று வான்கடேயில், பந்து சுழன்று திரும்பிய ஆடுகளத்தில், நியூசிலாந்து வைத்த 147 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 121 ரன்னில் சுருண்டது. மும்பையில் பிறந்த அஜாஸ் படேல் அந்த ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்தார். மூன்று டெஸ்ட் தொடரைச் சொந்த மண்ணில் 0-3 என்று இந்தியா இழந்தது அதுவே முதல் முறை. சுழலை நம் மட்டையாளர்களே ஆட முடியவில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. ஓராண்டு கழித்து தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கொல்கத்தாவிலும் அதே மாதிரி ஆடுகளம், இலக்கு 124, இந்தியா 93க்கு ஆட்டமிழந்தது. கேட்டபடிதான் ஆடுகளம் கிடைத்தது என்று கம்பீரே வெளிப்படையாகச் சொன்னார். அங்கே மூன்றாம் இடத்தில் இறங்கிய வாஷிங்டன் சுந்தர், அடுத்த டெஸ்ட்டில் எட்டாம் இடத்துக்குப் போனார். இந்தத் தவறுகளுக்குத் தேர்வுக் குழுவைக் கைகாட்ட முடியாது. 2025 ஏப்ரலில் துணைப் பயிற்சியாளர் அபிஷேக் நாயரை நீக்கியதாலும் இவை தீரவில்லை.

அவருக்காகச் சொல்ல வேண்டியதும் உண்டு. இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பது தேர்வுக் குழு, அதில் பயிற்சியாளருக்கு வாக்கு இல்லை. அஸ்வின், ரோஹித், கோலி மூவரும் ஆறே மாத இடைவெளிக்குள் டெஸ்ட்டிலிருந்து ஓய்வு பெற்றார்கள். இங்கிலாந்தில் அந்த இளம் அணி 2-2 என்று தொடரைச் சமன் செய்தது. 2025இல் சாம்பியன்ஸ் டிராபியும் ஆசியக் கோப்பையும் அவர் பொறுப்பில் வந்தவை. ஆஸ்திரேலியாவில் நவம்பர் 8 அன்று டி20 தொடரை முடித்த அணிக்கு, கொல்கத்தா டெஸ்ட் 14ஆம் தேதியே தொடங்கியது. எந்தப் பயிற்சியாளராலும் ஆறு நாளில் ஒரு டெஸ்ட் அணியைத் தயார் செய்ய முடியாது.

எனவே என் முடிவு இது. குறுகிய ஓவர் ஆட்டங்களில் கம்பீரை மாற்றக் காரணமே இல்லை. டெஸ்ட் அணிக்குத் தனிப் பயிற்சியாளர் வேண்டும். மற்ற அணி வேறு நாட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, அவர் டெஸ்ட் வீரர்களை ரஞ்சி ஆடுகளங்களில் வைத்துச் சுழலுக்குப் பழக்க வேண்டும். ஆனால் பொறுப்பைப் பிரித்தால் அதிகாரத்தையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். 2024இல் பாகிஸ்தான் கில்லெஸ்பியை டெஸ்ட்டுக்கும் கிர்ஸ்டனைக் குறுகிய ஓவர்களுக்கும் அமர்த்தியது. பிறகு அணித் தேர்வில் அவர்களுக்கிருந்த பங்கைப் பிடுங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் இருவரும் விலகினார்கள். புதியவரை அமர்த்தும்போது, ஆடுகளம், மட்டையாளர் வரிசை, ஆடும் பதினொருவர் ஆகியவற்றில் எது யாருடைய முடிவு என்பதை வான்கடேயில் இருக்கும் நம் கிரிக்கெட் வாரியம் எழுத்தில் வைத்து, வெளியிலும் சொல்ல வேண்டும். அதைச் செய்தால் அடுத்த தோல்வியின்போது யாரிடம் கணக்குக் கேட்பது என்று நமக்குத் தெரியும். செய்யாவிட்டால் பண்டிட்டுக்கும் ராமனுக்கும் நேர்ந்ததுதான் வருகிறவருக்கும் நேரும்.