உவமையும் நிறமும்

சூசன் காலின்ஸ் என்னும் அமெரிக்க ஆசிரியர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' என்னும் புதினத்தில் ரூ என்ற 12 வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். கதைத்தலைவியாகிய காட்னிஸோடு கொலைக்களத்தில் நட்புப் பூண்டு, ஈட்டி பாய்ந்து, தோழியின் பாட்டைக் கேட்டவாறே உயிர் துறக்கிறாள். நூலைக் கற்றோர் பலர் கண்ணீர் உகுத்த இடம் அது. 2012ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந் நூல் திரைப்படமாக வந்தபோது, ரூவாக நடித்தவர் அமாண்ட்லா ஸ்டென்பர்க் என்னும் கறுப்பின இளங்கலைஞர். அது கண்டு சுவைஞருள் ஒரு சாரார் இணைய வழியாகத் தம் சினத்தைக் கொட்டினர். தாம் மனத்தில் கண்ட ரூ இவள் அல்லள் என்றனர் சிலர். அவள் கறுப்பினத்தவள் என்று அறிந்தபின் அவளுடைய சாவு முன்போல் வருத்தம் தரவில்லை என்று நாணமின்றி எழுதினாரும் உளர்.

படம் நூலினின்று வழுவியது என்பதே அவர்கள் கூறிய குறை. ஆயின் நூலைப் புரட்டிப் பார்ப்பார்க்கு அக் குறை நில்லாது. ரூவை முதன்முதல் அறிமுகம் செய்யும் இடத்திலேயே அவளுடைய தோலும் கண்ணும் கரும்பழுப்பு நிறத்தன என்று ஆசிரியர் ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகிறார். அவளுடைய ஊர்ப்பகுதியைச் சேர்ந்த த்ரெஷ் என்பானுக்கும் அந் நிறமே கூறப்படுகிறது. படம் வருமுன்னரே, 2011ஆம் ஆண்டில், இவ்விருவரும் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று அவரே விளக்கியும் இருந்தார். எனவே வழுவியது படமன்று, படிப்பே வழுவியது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

காட்னிஸ் ரூவைக் காணுந்தோறும் தன் தங்கை பிரிமை நினைக்கிறாள். பிரிம் பொன்னிறக் கூந்தலும் வெளிறிய மேனியும் உடையவள். நிறத்தைக் கூறிய அதே தொடரில், அஃது ஒழிய உடலளவிலும் நடையுடை இயல்பிலும் ரூ பிரிமை ஒத்தவள் என்று ஆசிரியர் வரையறுக்கிறார். வினை, பயன், மெய், உரு என உவமம் தோன்றும் வகை நான்கு என்பார் தொல்காப்பியர். மெய் என்பது வடிவு என்றும், உரு என்பது நிறம் என்றும் உரையாசிரியர் பிரித்துக் காட்டுவர். காலின்ஸ் அமைத்த ஒப்புமை மெய்யும் வினையும் பற்றியது; உருப் பற்றியதன்று. உருவை அவர் விலக்கியே வைத்தார். சுவைஞரோ, ஒரு புடை ஒப்புமையை முற்றொப்புமையாகக் கொண்டு, பிரிமின் நிறத்தை ரூவின்மேல் ஏற்றிவிட்டனர். கடுகிப் படிப்பார்க்கு இப் பிழை நேர்தல் இயல்பே. எனினும் நேர்ந்த பிழை ஏன் ஒரே திசையில் நேர்ந்தது என்று கேட்க வேண்டும். ரூவின் நிறத்தைப் பிரிமின்மேல் ஏற்றிப் பிரிமைக் கறுப்பியாகக் கண்டு, படத்தில் அவள் வெள்ளையாக வந்ததை நொந்தவர் எவரையும் யாம் கண்டிலேம்.

இன்னும் ஆழமான செய்தி அழுகையைப் பற்றியது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அழுகையின் நிலைக்களன்கள் என்று மெய்ப்பாட்டியல் கூறும். ரூவின் கதையில் இந் நான்கும் உள்ளன. விளைவித்த பயிரை உண்டார் சவுக்கடி படும் ஊர் அவளுடையது. அவ் ஊரின் சாயல் அமெரிக்கத் தெற்கின் அடிமைத் தோட்டங்களை நினைவூட்டுவது என்று கொள்ளல் தகும். இவையனைத்தையும் படித்து அழுத ஒருவர், தோலின் நிறம் தெரிந்தவுடன் அழுகையைத் திரும்பப் பெறுகின்றார் எனின், அவர் முதற்கண் அழுதது யார் பொருட்டு?

படிப்போர் தத்தம் மனப்போக்கில் உருவம் புனைந்துகொள்ள உரிமையுடையர் என்று அவர்கள் சார்பில் கூறுதல் கூடும். நூல் வாளா இருக்கும் இடத்தில் அவ் வுரிமை உண்டு. யாமும் அதனை மறுப்பதில்லை. ஆரி பாட்டர் கதையைத் தொடர்ந்து 2016ஆம் ஆண்டில் இலண்டனில் அரங்கேறிய நாடகத்தில், எர்மயனியாக நோமா துமெசுவேனி என்னும் கறுப்பின நடிகையார் நடித்தார். பழுப்புக் கண்ணும் அடர்ந்த கூந்தலும் கூறிய அந் நூல்கள் அவள் இன்ன இனத்தவள் என்று வகுத்துரைக்கவில்லை. ஓரிடத்தில் அவள் முகம் வெண்மையாக இருந்ததாக வரும் தொடரைச் சிலர் எடுத்துக்காட்டினர்; அஃது இயல்பான நிறமோ, அச்சத்தால் நேர்ந்த வெளிறலோ என்பது துணிதற்கு அரிது. ஆங்கும் கூக்குரல் எழுந்தது. நூல் பேசிய இடத்திலும் பேசா இடத்திலும் கூக்குரல் ஒன்றாகவே இருத்தலின், நூற்பற்று அதன் காரணமாகாது.

இவ் வொவ்வாமை புதியதன்று. சாமுவேல் டிலேனி 1968ஆம் ஆண்டில் வெளிவந்த தம் 'நோவா' என்னும் நாவலை இதழில் தொடராக வெளியிட முயன்றபோது, 'அனலாக்' இதழாசிரியர் ஜான் கேம்பெல், கறுப்பினத் தலைமை மாந்தரோடு தம் வாசகர் ஒன்றமாட்டார் என்று சொல்லி மறுத்தார். 1998ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் டிலேனியே இதனைக் குறித்துள்ளார். தம் சார்புணர்வை வாசகர் தலையில் ஏற்றிச் சொல்லுதல் இதழாசிரியர்க்கு எளிது! ஆயினும், அதே துறைச் சுவைஞர் வாக்களித்து வழங்கும் ஹியூகோ பரிசு, சிறந்த நாவலுக்காக 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டும் அடுத்தடுத்து என். கே. ஜெமிசின் என்னும் கறுப்பின ஆசிரியைக்கே கிடைத்தது. எனவே சுவைஞர் என்னும் சொல்லால் ஒரே மனத்தைக் குறித்தல் பொருந்தாது.

ரூ இறந்தபின், அவளுடைய ஊரார் தாமே பசித்திருப்போர் ஆயினும், வேற்றூரினளாகிய காட்னிஸுக்கு ரொட்டி ஒன்று அனுப்புகின்றனர். திரைப்படம் அந்த ரொட்டியை விடுத்து, அவ்வூரில் மூண்ட கலகத்தைக் காட்டுகிறது. நூலினின்று படம் விலகியது என்று வழக்குரைக்க விரும்புவார்க்கு உரிய இடம் இதுவே.