இடைவெளியை எண்ணினால் சொல்லை எண்ணியதாகாது

“உரையில் எத்தனை சொற்கள் என்று எண்ண ஒரு வரி போதும், இதில் ஆராய என்ன இருக்கிறது?” நிரலாக்கம் கற்பிப்பவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. பைத்தான் நிரல்மொழியில் உரையை ‘ஸ்ப்ளிட்’ செய்து (பிரித்து) ‘லென்’ கொண்டு எண்ணிவிடலாம். அந்த வரிக்குச் சிறப்புகள் உண்டு. இரட்டை இடைவெளியோ புதுவரியோ அதைத் தடுமாறச் செய்யாது. வெற்று உரைக்குச் சரியாகச் சுழியம் தரும். புதிய மாணவருக்கும் உடனே புரியும்.

ஆனால் அது எண்ணுவது இடைவெளிகளுக்கு நடுவே கிடக்கும் துண்டுகளை. 1978இல் வந்த சி மொழி நூலில் கெர்னிகனும் ரிட்சியும் இதே வேலைக்கு ஒரு நிரலைத் தந்தார்கள். இடைவெளி, டேப், புதுவரி இல்லாத எந்த எழுத்துத் தொடரும் சொல் என்று வைத்துக்கொண்டு, இது தளர்வான வரையறை என்பதையும் அங்கேயே சொன்னார்கள். நாம் நிரலை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை உதறிவிட்டோம்.

தமிழில் அதன் விலை பெரிது. ‘வந்துகொண்டிருந்தான்’ என்றால் ஒன்று; ‘வந்து கொண்டு இருந்தான்’ என்றால் மூன்று. பொருளில் இம்மியும் வேறுபாடில்லை. 300 சொற்களுக்கு மிகாமல் கதை கேட்கும் போட்டியில், பிரித்து எழுதுகிறவர் கடைசிப் பத்தியை வெட்ட வேண்டிவரும். தமிழ்ச் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய மொழிபெயர்ப்பில், சேர்த்து எழுதுகிறவர் பணம் இழப்பார். இந்த அநீதி அந்த ஒற்றை வரியிலிருந்துதான் வருகிறது. போதாக்குறைக்கு, நம் ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கமே இல்லை. ஒரு சுவடியை உள்ளபடியே படியெடுத்துக் கொடுத்தால், ஏட்டின் ஒவ்வொரு வரியையும் ஒரே சொல் என்று இந்த எண்ணும் செயற்கூறு கணக்கிடும்.

நிறுத்தக்குறிகளைக் களைய ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ பக்கம் போகிறவர்கள் இன்னும் ஆழமான பள்ளத்தில் விழுகிறார்கள். பைத்தானோடு வரும் ‘ரீ’ தொகுப்பில், எழுத்துகளைப் பிடிப்பதற்கான ‘டபிள்யூ’ குறி நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. ‘தமிழ்’ என்று கொடுத்துப் பாருங்கள்: ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டுகள் வரும். மொழியின் பெயரையே அறுத்துவிட்டு இரண்டு சொற்கள் என்கிறது. யூனிகோடின் சொல்லெல்லை விதிகள் இந்தக் குறிகளை அவற்றுக்குரிய எழுத்தோடு சேர்த்தே வைக்கின்றன. ஆகவே இந்த அறுவைக்குச் சாக்கு ஏதும் கிடையாது. ஆங்கில வாக்கியத்தில் மட்டும் சோதித்துவிட்டுச் சரி என்று முடித்துக்கொள்ளும் சோம்பல்தான் காரணம்.

யூனிகோடு விதிகளும் புணர்ச்சியைப் பிரித்துத் தராது. அதற்கு இலக்கணம் அறிந்த பகுப்பாய்வி வேண்டும். அதை முதல் வகுப்பிலேயே எழுதச் சொல்லவில்லை. ‘இங்கே எதைச் சொல் என்று கொள்கிறேன்’ என்பதைச் செயற்கூறின் தலையில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு ‘வந்துகொண்டிருந்தான்’ என்பதை இரண்டு விதமாகவும் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒன்றும் மூன்றும் திரையில் அடுத்தடுத்து நிற்கும்போது, தான் எண்ணியது எதை என்று மாணவருக்கே தெரிந்துவிடும்.